அப்ஸ்ட்ராக்ட் நவுன்: தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது

பெயர்ச்சொல் ஆறு வகைப்படும் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில். இந்த ஆறில் கடைசி இரண்டையும் பிடித்துக்கொண்டால், ஆங்கிலத்தில் ‘அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்று சொல்கிற வகையின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நன்மை, பொறுமை, இனிமை, வறுமை எல்லாம் பண்புப்பெயர். படிப்பு, சிரிப்பு, வருகை, வளர்ச்சி எல்லாம் தொழிற்பெயர். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் அப்ஸ்ட்ராக்ட் நவுன் என்ற ஒரே பெயர்தான். இலக்கணம், இசை, வேதியியல் மாதிரி கலை, அறிவியல் துறைகளின் பெயர்களையும் ஆங்கில இலக்கண நூல்கள் இதே வகையில் சேர்ப்பது வழக்கம்.

தென்காசிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். சாயங்காலத்தில் நூலகத்துக்கு வேலைத்தேர்வுப் பிள்ளைகளும் வருவார்கள். பத்தாம் வகுப்பானாலும் பட்டதாரியானாலும், அப்ஸ்ட்ராக்ட் நவுன் என்றதும் ஒரு பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். ‘ஹானஸ்டி, பியூட்டி, பிரேவரி, கைண்ட்னஸ்...’ பட்டியல் முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். பட்டியலில் இல்லாத ஒரு சொல் கேள்வித்தாளில் வந்தால் ஊகம்தான். பட்டியலே வேண்டாம் என்பது என் கட்சி. தமிழில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து புறப்படுங்கள். அப்புறம், அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்பதற்கு அதிக நேரம் கொடுங்கள். பிழை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கண்டுபிடிப்பது எப்படி

‘கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, அதுதான் அப்ஸ்ட்ராக்ட் நவுன்’ என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். சின்ன வகுப்புக்கு அது போதும். கொஞ்சம் தள்ளிப் போனால் போதாது. சிரிப்பு காதில் விழுகிறது, ஆனால் ‘லாஃப்டர்’ அப்ஸ்ட்ராக்ட். சூடு உடம்பில் உறைக்கிறது, ஆனால் ‘ஹீட்’டையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். மறுபக்கம் காற்று கண்ணுக்குத் தெரியாது. அதற்காக ‘ஏர்’ அப்ஸ்ட்ராக்ட் ஆகிவிடாது, அது ஒரு பொருள்.

அதனால் நான் வேறு கேள்வி கேட்கச் சொல்வேன்: இது தனியாக இருக்குமா, இல்லை யாரிடமாவது எதிலாவது மட்டும்தான் இருக்குமா? தமிழில் பண்பு, பண்பி என்று பிரிப்போமே, அதே பிரிவுதான். தைரியசாலி பேருந்து நிலையத்தில் நிற்பார். தைரியம் மட்டும் வந்து நிற்காது. சிரிக்கிற ஆள் இல்லாமல் சிரிப்பு இல்லை. வளர்கிற ஒன்று இல்லாமல் வளர்ச்சி இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகினால் ‘ஏர்’ ஒரு பக்கமும் ‘லாஃப்டர்’ மறு பக்கமும் தானாகப் பிரிந்துவிடும்.

இன்னொன்று. சொல்லைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘யூத்’ என்றால் இளமை, அது அப்ஸ்ட்ராக்ட். ‘அ யூத் வாஸ் அரெஸ்டட்’ என்று செய்தியில் வந்தால் ஓர் இளைஞர், அது காமன் நவுன். ‘பெயின்டிங்’ என்பது வரைகிற செயலாகவும் இருக்கும், சுவரில் மாட்டிய படமாகவும் இருக்கும். ‘ஜஸ்டிஸ்’ என்றால் நீதி. உயர் நீதிமன்றச் செய்தியில் ஒருவர் பெயருக்கு முன்னால் வந்தால் அது நீதிபதி என்ற பட்டம். ‘டீச்சர், இந்தச் சொல் எந்த வகை?’ என்று யார் கேட்டாலும் ‘வாக்கியத்தைச் சொல்லும்மா’ என்றுதான் பதில் கேள்வி கேட்பேன்.

எப்படிப் பிறக்கிறது

தமிழில் தொழிற்பெயர் மூன்று விதமாக அமையும் என்று படித்தது நினைவிருக்கிறதா? விகுதி சேர்ந்து வருவது ஒன்று: படி, படித்தல், வாழ், வாழ்க்கை. விகுதி எதுவும் இல்லாமல் வினையின் முதனிலையே பெயராக நிற்பது இரண்டாவது. ‘நல்ல அடி’, ‘ஒரு இடி’ என்கிறோமே, அது முதனிலைத் தொழிற்பெயர். மூன்றாவது, முதனிலை திரிந்த தொழிற்பெயர்: சுடு, சூடு, கெடு, கேடு, பெறு, பேறு.

ஆங்கிலத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன.

முதலில் முதனிலை அப்படியே நிற்பது. ‘லவ்’, ‘ஹோப்’, ‘ஃபியர்’, ‘டவுட்’, ‘ரெஸ்பெக்ட்’, ‘சப்போர்ட்’. வினையும் அதுதான், பெயரும் அதுதான். ‘லவ் என்பதன் அப்ஸ்ட்ராக்ட் நவுன் என்ன?’ என்று கேள்வி வந்தால் ‘லவ்லினஸ்’ என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் உண்டு. எதையாவது ஒட்டியே தீர வேண்டும் என்ற நினைப்பு. ‘லவ்லினஸ்’ என்பது அழகு, அது ‘லவ்லி’யிலிருந்து வந்தது. அன்பு என்பது வெறும் ‘லவ்’தான்.

அடுத்து திரிந்து நிற்பது. ‘சிங்’ என்பது ‘சாங்’ ஆகிறது. ‘திங்க்’ என்பது ‘தாட்’, ‘லிவ்’ என்பது ‘லைஃப்’, ‘ப்ரீத்’ என்பது ‘ப்ரெத்’, ‘பிலீவ்’ என்பது ‘பிலீஃப்’, ‘ஸ்பீக்’ என்பது ‘ஸ்பீச்’. ‘ப்ரவுட்’ என்பது ‘ப்ரைட்’, ‘ஹாட்’ என்பது ‘ஹீட்’. சுடு என்பது சூடு ஆவதை ஏற்றுக்கொண்ட காதுக்கு ‘ஹாட்’ ‘ஹீட்’ ஆவது ஒன்றும் புதிதில்லை. திரிவதோடு ஒரு விகுதியும் ஒட்டிக்கொள்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது. அதற்கு முடிவில் ‘த்’ வரும்: ‘லாங்’, ‘லெங்த்’; ‘ஸ்ட்ராங்’, ‘ஸ்ட்ரெங்த்’; ‘வைட்’, ‘விட்த்’; ‘டீப்’, ‘டெப்த்’; ‘ப்ராட்’, ‘ப்ரெட்த்’; ‘டை’, ‘டெத்’; ‘ட்ரூ’, ‘ட்ரூத்’; ‘வார்ம்’, ‘வார்ம்த்’. இதில் ‘ட்ரூ’வின் கடைசி ‘இ’ ‘ட்ரூத்’தில் விழுந்துவிடும், கவனியுங்கள். உயரத்துக்கு மட்டும் ‘த்’ கிடையாது. ‘ஹைட்’ என்பது ‘டி’ எழுத்தோடு முடிகிறது. ‘லெங்த், விட்த்’ என்று சொல்லிக்கொண்டே போகிற வேகத்தில் ‘ஹைத்’ என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது விகுதி சேர்வது. பெரிய கூட்டம் இதுதான். தமிழில் ‘மை’ எப்படியோ, ஆங்கிலத்தில் ‘னஸ்’ அப்படி. ‘கைண்ட்னஸ்’, ‘டார்க்னஸ்’, ‘ஹேப்பினஸ்’, ‘இல்னஸ்’. பண்பைச் சொல்லும் எந்தச் சொல்லோடும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். ‘ஹேப்பி’ மாதிரி ‘ஒய்’ எழுத்தில் முடிந்தால் அந்த ‘ஒய்’ ‘ஐ’ ஆகும். அவ்வளவுதான் விதி.

‘டம்’, ‘ஹுட்’, ‘ஷிப்’ மூன்றும் ‘னஸ்’ போலவே பழைய ஆங்கிலத்துச் சரக்கு. ‘ஹுட்’ ஒரு காலத்தில் நிலை, தகுதி என்ற பொருளில் தனிச்சொல்லாகவே இருந்தது. அதனால்தான் ‘சைல்டுஹுட்’ என்றால் குழந்தையாக இருக்கும் நிலை, ‘மதர்ஹுட்’ என்றால் தாயாக இருக்கும் நிலை. ‘நெய்பர்ஹுட்’ மட்டும் இன்று அக்கம்பக்கத்து இடத்தைக் குறிக்கிறது, அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். ‘டம்’ என்பது தீர்ப்பு, அதிகாரம் என்ற பொருளில் இருந்த சொல். ‘விஸ்டம்’, ‘ஃப்ரீடம்’ இரண்டிலும் அது ஒட்டியிருக்கிறது. ‘ஃப்ரெண்ட்ஷிப்’, ‘ஹார்டுஷிப்’, ‘லீடர்ஷிப்’ இவற்றில் வருகிற ‘ஷிப்’புக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளைகள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. ‘ஷேப்’ என்ற சொல்தான் அதற்கு உறவு.

சரி, ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை விகுதி? 1066இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழிதான் புழங்கியது. அந்த வழியாகவும், நேரே லத்தீனிலிருந்தும் ஏராளமான சொற்கள் வந்தன. அவை தங்கள் விகுதிகளையும் கூட்டிக்கொண்டு வந்தன: ‘இட்டி’, ‘ஷன்’, ‘மென்ட்’, ‘அன்ஸ்’, ‘யூர்’, ‘ஏஜ்’. ஆகவே ஆங்கிலத்தில் பல கருத்துகளுக்கு இரண்டு சொற்கள். விடுதலைக்குப் பழைய ஆங்கிலத்து ‘ஃப்ரீடம்’ உண்டு, பிரெஞ்சு வழி வந்த ‘லிபர்ட்டி’யும் உண்டு.

இந்த வரலாறு பரீட்சைக்கு வராது. ஆனால் எந்த விகுதி எதோடு சேரும் என்ற ஊகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ‘கைண்ட்’, ‘டார்க்’, ‘குட்’ மாதிரி சின்ன, வீட்டுப் புழக்கச் சொற்கள் ‘னஸ்’ பக்கம் போகும். ‘ஆக்டிவ்’, ‘ஜெனரஸ்’, ‘கியூரியஸ்’, ‘பாசிபிள்’ மாதிரி நீளமான சொற்கள் பெரும்பாலும் ‘இட்டி’ பக்கம் போகும். விலக்கு உண்டு. ‘நெர்வஸ்’ நீளமாக இருந்தும் ‘நெர்வஸ்னஸ்’தான் ஆகும். ‘பூர்’ என்பது சின்னச் சொல், ஆனால் வறுமைக்குப் ‘பாவர்ட்டி’ என்ற வேறு சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘பூர்னஸ்’ என்று எழுதினால் தரக்குறைவு என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார்.

எதிர்த்திசையில் பிறப்பதும் உண்டு. ‘ஹங்கர்’ முதலில், அதிலிருந்து ‘ஹங்ரி’. ‘ஆங்கர்’ முதலில், அதிலிருந்து ‘ஆங்ரி’. இங்கே ‘ஹங்ரினஸ்’ என்று நீட்ட வேண்டியதில்லை.

எழுத்துப்பிழை விழுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘ப்ரொனௌன்ஸ்’ பெயராகும்போது நடுவில் இருக்கிற ‘ஓ’ போய் ‘ப்ரொனன்சியேஷன்’ ஆகும். ஆசிரியர்களே ‘ப்ரொனௌன்சியேஷன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘மெயின்டெய்ன்’ என்பது ‘மெயின்டனன்ஸ்’. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்பது ‘எக்ஸ்ப்ளனேஷன்’, ‘ப்ளெய்ன்’ பகுதியில் இருந்த ‘ஐ’ இங்கே இல்லை. ‘ரிப்பீட்’ என்பது ‘ரெப்பிட்டிஷன்’. ‘ஜெனரஸ்’, ‘கியூரியஸ்’ இரண்டிலும் முடிவில் இருக்கிற ‘யு’ எழுத்து ‘ஜெனராஸிட்டி’, ‘கியூரியாஸிட்டி’ ஆகும்போது காணாமல் போகும். ‘ஆர்க்யூ’வின் கடைசி ‘இ’ ‘ஆர்க்யுமென்ட்’டில் இல்லை. ‘அட்வைஸ்’ பெயராக இருந்தால் ‘சி’, வினையாக இருந்தால் ‘எஸ்’. பிரிட்டிஷ் முறையில் ‘ப்ராக்டிஸ்’ என்பதற்கும் இதே கணக்குத்தான்.

உச்சரிப்பில் ஒரு விதி மட்டும். ‘இட்டி’யும் ‘ஷன்’னும் வந்து சேர்ந்தால், அழுத்தம் அவற்றுக்கு முந்தின அசைக்கு வந்துவிடும். ‘ஆக்டிவ்’ என்பதில் முதல் அசையை அழுத்துகிறோம், ‘ஆக்டிவிட்டி’யில் ‘டி’யை அழுத்துகிறோம். ‘ஏபிள்’ என்பது ‘அபிலிட்டி’ ஆகும்போது ‘பி’யில் அழுத்தம். ‘னஸ்’ வந்து சேர்ந்தால் எதுவும் நகராது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மனதில் உட்கார்ந்துவிடும்.

ஒரு பயிற்சி: அரசியலமைப்பின் முகப்புரை

பயிற்சிக்கு எந்தப் புத்தகம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையை எடுத்துக் கொடுப்பேன். 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட அந்த ஒரே வாக்கியத்தில் அப்ஸ்ட்ராக்ட் நவுன்கள் வரிசையாக நிற்கின்றன. ‘ஜஸ்டிஸ்’. ‘லிபர்ட்டி’, அதைத் தொடர்ந்து ‘ஆஃப் தாட், எக்ஸ்ப்ரெஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வொர்ஷிப்’. ‘ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’. ‘ஃப்ரட்டர்னிட்டி’. கடைசியில் ‘த டிக்னிட்டி ஆஃப் த இண்டிவிஜுவல் அண்ட் த யூனிட்டி அண்ட் இன்டெக்ரிட்டி ஆஃப் த நேஷன்’. இதில் ‘இன்டெக்ரிட்டி’ மட்டும் 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தது.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன எல்லா வழிகளும் இந்த ஒரு வாக்கியத்தில் கிடைக்கும். ‘தாட்’ என்பது ‘திங்க்’ திரிந்தது. ‘பிலீஃப்’ என்பது ‘பிலீவ்’ திரிந்தது. ‘எக்ஸ்ப்ரெஷன்’ என்பது ‘எக்ஸ்ப்ரெஸ்’ஸோடு ‘ஷன்’. ‘ஈக்வாலிட்டி’ என்பது ‘ஈக்வல்’லோடு ‘இட்டி’. ‘வொர்ஷிப்’தான் எனக்குப் பிடித்தது. அது ‘வொர்த்’ என்ற மதிப்போடு ‘ஷிப்’ சேர்ந்து பிறந்த சொல். மதிப்பு வைத்தல் என்ற பொருளில் தொடங்கி வழிபாட்டுக்கு வந்து நிற்கிறது. ஃப்ரெண்ட்ஷிப்பில் இருக்கிற அதே ‘ஷிப்’தான்.

அடுத்து ‘த’ எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பாருங்கள். ‘ஜஸ்டிஸ்’, ‘லிபர்ட்டி’, ‘ஈக்வாலிட்டி’ முன்னால் ‘த’ இல்லை. நீதி என்று பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலம் ‘த’ போடாது. ‘ஹானஸ்டி ஈஸ் த பெஸ்ட் பாலிசி’ என்பதிலும் அப்படித்தான். ‘டிக்னிட்டி’க்கு முன்னால் மட்டும் ஏன் ‘த’? யாருடைய மாண்பு என்பது சொல்லப்பட்டுவிட்டது: தனிமனிதருடைய மாண்பு. ‘யூனிட்டி’க்கும் அதேதான், தேசத்தின் ஒற்றுமை. அப்படியானால் ‘லிபர்ட்டி ஆஃப் தாட்’ என்பதிலும் ‘ஆஃப்’ இருக்கிறதே, அங்கே ஏன் ‘த’ இல்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே ‘ஆஃப் தாட்’ என்பது சுதந்திரத்துக்கு உடைமையாளரைச் சொல்லவில்லை, என்ன வகைச் சுதந்திரம் என்று சொல்கிறது. யாருடையது என்று சுட்டினால் ‘த’. என்ன வகை என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ‘த’ வேண்டாம். தமிழில் இந்த ‘அ’, ‘த’ எதுவும் கிடையாது என்பதால் நாம் ஒன்று எல்லா இடத்திலும் போடுகிறோம், இல்லை எங்கேயும் போடாமல் விடுகிறோம். முகப்புரையைப் பத்து நாள் எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும்.

அரசியலமைப்பிலேயே இன்னொரு சொல். 17ஆவது பிரிவு ஒழிக்கிற ‘அன்டச்சபிலிட்டி’. நம் பாடநூலைத் திறந்ததும் ‘அன்டச்சபிலிட்டி ஈஸ் இன்ஹ்யூமன் அண்ட் அ கிரைம்’ என்று அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ‘டச்’ என்பது வினை. ‘டச்சபிள்’ என்றால் தொடக்கூடிய. ‘அன்டச்சபிள்’ என்றால் தொடக்கூடாத. அதோடு ‘இட்டி’ சேர்ந்து ‘அன்டச்சபிலிட்டி’. தமிழில் தீண்டு, தீண்டாமை. ஆங்கிலத்தில் நான்கு படியாக ஏறுகிற இடத்தைத் தமிழ் ஒரே ‘ஆமை’யில் முடித்துவிடுகிறது. கொல்லாமை, கள்ளுண்ணாமை, இல்லாமை எல்லாமே அந்த அச்சில் வார்த்தவைதான். இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டும்போது வகுப்பு கொஞ்சம் நேரம் இலக்கணத்தை விட்டு வெளியே போகும். போகட்டும் என்று விடுவேன். ஒரு சொல்லுக்குள் யாரைத் தொடக்கூடாது என்று யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி இருந்தால், பிள்ளைகள் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

அந்த வரியில் ‘அ கிரைம்’ என்று ‘அ’ வந்திருக்கிறது, பார்த்தீர்களா? அடுத்து அதைப் பற்றித்தான்.

எண்ணலாமா, கூடாதா

நாம் ‘தகவல்கள்’, ‘அறிவுரைகள்’, ‘ஆதாரங்கள்’ என்று சகஜமாகச் சொல்கிறோம். அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘எவிடன்சஸ்’ என்று எழுதுகிறோம். தமிழ்ப் பிள்ளைகளின் தாளில் அதிகம் பார்க்கிற பிழை இதுதான். ஆங்கிலத்தில் இவற்றை எண்ண மாட்டார்கள். ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘நாலெட்ஜ்’, ‘எவிடன்ஸ்’, ‘ப்ராக்ரஸ்’, ‘பெர்மிஷன்’, ‘ஹோம்வொர்க்’, ‘நியூஸ்’, ‘லக்’, ‘பேஷன்ஸ்’. இவற்றுக்கு முன்னால் ‘அ’ போடாதீர்கள், பின்னால் ‘எஸ்’ போடாதீர்கள், ‘மெனி’ போடாதீர்கள். ‘மச்’, ‘சம்’, ‘அ லாட் ஆஃப்’ போடலாம். ஒன்றிரண்டு என்று சொல்லியே ஆக வேண்டுமானால் ‘அ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் நியூஸ்’. ‘நியூஸ்’ முடிவில் ‘எஸ்’ இருந்தாலும் ஒருமைதான்: ‘த நியூஸ் ஈஸ் குட்’.

எல்லா அப்ஸ்ட்ராக்ட் நவுனும் எண்ண முடியாதது என்று நினைத்துவிடாதீர்கள். ‘கிரைம்’, ‘ஐடியா’, ‘டிசிஷன்’, ‘ப்ராப்ளம்’, ‘ரீசன்’ எல்லாம் தாராளமாக எண்ணலாம்.

இரண்டு பக்கமும் போகிற சொற்களில்தான் சுவையே. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பொதுவாகச் சொன்னால் பணி அனுபவம், எண்ண முடியாது. விண்ணப்பத்தில் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுத வேண்டும், ‘எக்ஸ்பீரியன்சஸ்’ அல்ல. நடந்த சம்பவங்களைச் சொன்னால் ‘எக்ஸ்பீரியன்சஸ்’ சரி. ‘டைம்’ என்றால் நேரம், ‘த்ரீ டைம்ஸ்’ என்றால் மூன்று முறை. ‘ஃபெயிலியர்’ என்றால் தோல்வி. ‘அ ஃபெயிலியர்’ என்றால் தோற்றுப்போன ஒரு முயற்சி, சில சமயம் தோற்றவர். எண்ணுகிற அந்த நொடியில் பண்பு ஒரு நிகழ்ச்சியாகவோ ஆளாகவோ மாறிவிடுகிறது. ‘அ பியூட்டி’ என்றால் அழகானவர் என்று பொருள்படுவதும் அதனால்தான்.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். ‘நாலெட்ஜ்’ முன்னால் ‘அ’ வராது என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் ‘அ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலிஷ்’ என்பது சரியான ஆங்கிலம். நடுவில் ஓர் அடைமொழி வந்து, எப்படிப்பட்ட அறிவு, எதைப் பற்றியது என்று வரம்பு கட்டிவிட்டதால் ‘அ’ இடம்பிடிக்கிறது. அதற்காக ‘நாலெட்ஜஸ்’ ஒருநாளும் வராது.

கூட வருகிற சின்னச் சொல்

‘எனக்கு ஆங்கிலத்தின் மீது ஆர்வம்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு ‘ஐ ஹேவ் இன்ட்ரஸ்ட் ஆன் இங்கிலிஷ்’ என்று எழுதுகிறோம். ‘மீது’ என்றால் ‘ஆன்’தானே என்ற கணக்கு. ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்றால்தான் ஆர்வம். ‘இன்ட்ரஸ்ட் ஆன்’ என்றால் வட்டி, ‘இன்ட்ரஸ்ட் ஆன் த லோன்’ என்று வங்கிக் கடிதத்தில் வருமே அது. ‘உங்கள் மேல் நம்பிக்கை’ என்பது ‘கான்ஃபிடன்ஸ் இன் யூ’. ‘அவர் மேல் மரியாதை’ என்பது ‘ரெஸ்பெக்ட் ஃபார் ஹிம்’. ‘பாம்பு மேல் பயம்’ என்பது ‘ஃபியர் ஆஃப் ஸ்நேக்ஸ்’. பற்றாக்குறை ‘லேக் ஆஃப்’, காரணம் ‘ரீசன் ஃபார்’, திறமை ‘அபிலிட்டி டு’. தமிழில் ஒரே ‘மேல்’ தாங்குகிற இடத்தை ஆங்கிலம் நாலைந்து சின்னச் சொல்லுக்குப் பங்கு போடுகிறது. இதற்கு விதி தேடி அலைய வேண்டாம். புதிய அப்ஸ்ட்ராக்ட் நவுனை நோட்டில் எழுதும்போதே அதன் சின்னச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். ‘இன்ட்ரஸ்ட்’ என்று எழுதாதீர்கள், ‘இன்ட்ரஸ்ட் இன்’ என்று எழுதுங்கள்.

கூட வருகிற வினையும் அப்படித்தான். இங்கே தமிழ் சில சமயம் கைகொடுக்கும். கவனம் செலுத்து என்கிறோம், அவர்கள் ‘பே அட்டென்ஷன்’ என்கிறார்கள். பணத்தையும் கவனத்தையும் இரண்டு மொழியும் ஒரே வினையால் செலுத்துகின்றன. பொறுமை இழப்பது ‘லூஸ் பேஷன்ஸ்’, நம்பிக்கை இழப்பது ‘லூஸ் ஹோப்’. முடிவை மட்டும் நாம் எடுக்கிறோம், அவர்கள் ‘மேக் அ டிசிஷன்’ என்று செய்கிறார்கள். ‘டேக் அ டிசிஷன்’ தவறில்லை, நம் நாட்டில் அதுதான் அதிகம் புழங்குகிறது.

எங்கே குறைக்க வேண்டும்

அப்ஸ்ட்ராக்ட் நவுன் கைவந்த பிறகு ஒரு சிக்கல் வரும். எல்லா இடத்திலும் அதையே போடத் தோன்றும். மனு எழுதும்போது இதை அதிகம் பார்க்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்று பேரூராட்சிக்கு எழுதிய மனு ஒன்றில் இப்படி இருந்தது: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு டேக் ஆக்‌ஷன் ஃபார் த கம்ப்ளீஷன் ஆஃப் த ரிப்பேர் ஆஃப் த ஸ்ட்ரீட் லைட்’. நடவடிக்கை, நிறைவு, பழுதுபார்ப்பு என்று வரிசையாகப் பெயர்கள். வேலை செய்கிற வினை ஒன்றுகூட முன்னுக்கு வரவில்லை. ‘ப்ளீஸ் ரிப்பேர் த ஸ்ட்ரீட் லைட்’ என்றால் முடிந்தது. மரியாதை வேண்டுமென்றால் ‘குட் யூ ப்ளீஸ்’ என்று தொடங்கலாம். ‘மேட் அ டிசிஷன்’ என்பதைவிட ‘டிசைடட்’ நேராக இருக்கிறது. ‘கேவ் அன் எக்ஸ்ப்ளனேஷன்’ என்பதைவிட ‘எக்ஸ்ப்ளெய்ன்ட்’ நேராக இருக்கிறது. எழுதி முடித்ததும் ‘ஷன்’, ‘மென்ட்’, ‘அன்ஸ்’ முடிவுகளைக் கோடிட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று கோடு விழுந்தால், அவற்றில் ஒன்றையாவது வினையாகத் திருப்புங்கள்.

வேலை விண்ணப்பத்தில் இதற்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ‘ஐ ஹேவ் ஹானஸ்டி, சின்சியரிட்டி, டெடிகேஷன் அண்ட் ஹார்ட் வொர்க்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இதைப் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. பண்பு தனியாக நிற்காது, ஓர் ஆளிடம்தான் நிற்கும் என்று முதலில் பார்த்தோமே, அந்த ஆளை உள்ளே கொண்டுவாருங்கள். சாயங்காலம் வருகிற ஒரு தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டே விசைத்தறிக்கு நூல் விற்கிற கடையில் கணக்கு எழுதினான். அவனுடைய விண்ணப்பத்திலிருந்து அந்த நாலு சொல்லையும் அடித்துவிட்டு ‘ஐ கெப்ட் த டெய்லி அக்கவுண்ட்ஸ் ஆஃப் அ யார்ன் ஷாப் ஃபார் டூ இயர்ஸ் வைல் ஐ வாஸ் இன் காலேஜ்’ என்று எழுத வைத்தேன். நேர்மை, உழைப்பு இரண்டும் அந்த வரியிலேயே இருக்கின்றன. அதற்கு அடுத்த வரியில் இரண்டு அப்ஸ்ட்ராக்ட் நவுன் போதும்: ‘திஸ் எக்ஸ்பீரியன்ஸ் டாட் மீ டு வொர்க் வித் கேர்’. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ முன்னால் ‘திஸ்’ வந்திருப்பதைப் பாருங்கள். எந்த அனுபவம் என்று முந்தின வரி சொல்லிவிட்டது. ‘கேர்’ முன்னால் எதுவும் இல்லை, அது பொதுவான கவனம்.